நாறாத டெய்சி

— மூச்சை இழுத்துப் பிடிக்காத. சாதாரணமா மோந்து பாரு.

— கண்ணைத் துண்டால கட்டி, ஸ்டூல்ல உக்கார வச்சு, மூக்குக்கு நேரா பூவை நீட்டிட்டு, சாதாரணமா இருன்னா எப்படி முதலாளி இருக்கறது? ஆபரேஷனுக்கு வந்தவன் மாதிரி இருக்கு எனக்கு.

— பேசாத. பேசினா வாய் வழியா மூச்சு போகும்.

— ம்…

— சொல்லு.

— அவசரப்படாத. ம்… இது நாறுது.

— எப்படி நாறுது?

— பூனை. சோபா ஓரத்துல பூனை வந்து வேலையைக் காட்டிட்டுப் போன மாதிரி. இன்னிக்குப் போனது இல்ல, நேத்து சாயங்காலம் போனது.

— சரி. உன் முழங்கையை மோந்துக்கோ.

— ஒவ்வொரு தடவையும் எதுக்கு என் முழங்கையை நானே மோந்துக்கணும்? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?

— மூக்கு பழைய நிலைமைக்கு வரணும்ல? எட்டு வருஷமா இதையே சொல்றேன், எட்டு வருஷமா இதையே கேக்கற. அடுத்தது. இந்தா.

— …

— மோந்தாச்சா? சொல்லு.

— இதுல ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லன்னா?

— ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. வெறும் காத்து. இரு இரு… இது பூவே இல்லையே? காகிதம்! காகிதப் பூவை நீட்டி என்னை ஏமாத்தப் பாக்கறியா?

— காகிதப் பூதான். உன் மூக்கு சும்மா எல்லாத்துக்கும் நாத்தம் சொல்லுதான்னு பாத்தேன்.

— டைவர்ஸ் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் என் மேல சந்தேகம் போகல உனக்கு.

— சந்தேகமெல்லாம் வேலைல மட்டும்தான். வீட்டுல நீ சொன்ன எல்லாத்தையும் நம்பினேன். அதுதான் வம்பாப் போச்சு. அடுத்தது.

— இதுவும் பூனை. முதல்ல குடுத்த அதே பூனை. அதே செடியைத்தான் திரும்பக் கொண்டாந்து நீட்டற.

— கரெக்ட். அதேதான். பழைய ரகம்.

— நம்ம கல்யாண விருந்துக்கு மேசை மேசையா வச்சியே, அதுவா?

— அதுவேதான்.

— ஐயோ சாமி. அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் மேசைக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு பாத்தது ஞாபகம் இருக்கா? உங்க மாமா ஒருத்தர் ஷூவைக் கழட்டி அடிப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, பாவம்.

— எனக்கென்ன தெரியும்? பூவைத்தான் குனிஞ்சு பாக்கறாங்கன்னு நான் பெருமையா நின்னேன். எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க.

— மூக்கு இல்லாதவ பூ வியாபாரம் பண்ணினா அப்படித்தான்.

— மூக்கெல்லாம் இருக்கு. வாசனைதான் தெரியாது. சின்ன வயசுல வந்த ஒரு காய்ச்சல்ல போனது போனதுதான். அதுக்கு நான் என்ன பண்ண? அத்தனை வருஷம் அந்த வெள்ளை டெய்சியை வித்தேன். வாங்கினவங்கள்ல ஒருத்தராவது முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? ரொம்ப அழகா இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போவாங்க. அப்புறம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டாங்க. நீ ஒருத்தன்தான் சொன்ன.

— கல்யாணத்துக்கு மறுநாள் காலையில.

— காபியைக் கையில குடுத்துட்டு, "உன் பூ நாறுது, தெரியுமா"ன்னு கேட்ட.

— எனக்குப் பொய் சொல்ல வராது முதலாளி.

— தெரியும். என் சமையலைப் பத்தியும் தினம் தினம் உண்மையாத்தான் சொன்ன. கருகினது எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும், ஒரு நாளாவது பேசாம தின்னுட்டு எந்திரிச்சியா?

— கரிக்கட்டையைத் தட்டுல போட்டு வச்சா எப்படிப் பேசாம திங்கறது?

— சரி, அந்தக் கதை போதும். துண்டை இறுக்கிக் கட்டிக்கோ, ஓரமாத் தெரியுது போல. இதுதான் கடைசி. இதுக்காகத்தான் உன்னை வரச் சொன்னேன்.

— கொஞ்சம் தள்ளிப் பிடி. இதழ் வந்து வந்து மூக்குல உரசுது.

— உரசினா உரசட்டும். நீ மோந்து பாரு.

— …

— என்ன?

— இரு. நடுவுல இருக்கற மஞ்சளைக் கொஞ்சம் கசக்கு.

— கசக்கியாச்சு. இந்தா.

— ம்… இன்னும் கிட்ட.

— மூக்குக்குள்ளயே திணிக்கட்டுமா?

— இல்ல முதலாளி.

— என்ன இல்ல?

— நாத்தம் இல்ல. வாசனையும் இல்ல. கசக்கினதுல பச்சையா ஒரு இலை வாசம் வருது, அவ்வளவுதான். பூனையைக் காணோம். பூனை வந்துபோன சுவடே இல்ல.

— நிஜமாவா?

— சத்தியமா. உனக்காகச் சொல்றவனா நான்? போன வருஷம் மூணு செடியை நீட்டினப்ப, மூணும் குப்பைன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்ன. மூணையும் பிடுங்கி எருக்குழில போட்டுட்டு அன்னிக்கு முழுக்க அழுதேன். உனக்குத் தெரியாது.

— அழுதியா?

— பின்ன? ஒண்ணு ஒண்ணும் எவ்வளவு வேலை. நடுவுல மஞ்சளா தெரியுதே, அது ஒரு பூ இல்ல. நூத்துக்கணக்குல குட்டிக் குட்டிப் பூ. எல்லாம் ஒரே நாள்ல விரியாது. வெளிவட்டம் இன்னிக்கு, அதுக்கு உள்ள நாளைக்கு. ஒவ்வொரு வட்டம் விரியறப்பவும் பூச்சி வந்து உக்கார்றதுக்குள்ள காகிதப் பையை அவுத்து, பிரஷ்ஷால தொட்டு, திரும்பப் பையைக் கட்டணும். அப்புறம் விதை. முதல் வருஷம் வெறும் இலை, அடுத்த வருஷம்தான் பூ. அப்புறம் நீ வந்து ஸ்டூல்ல உக்காந்து "பூனை"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வண்டி ஏறிப் போயிடுவ.

— இன்னிக்குச் சொல்லலையே. துண்டை அவுத்துக்கவா?

— அவுத்துக்கோ.

— அடேங்கப்பா!

— எப்படி இருக்கு?

— இதையா எனக்குக் காட்டாம வச்சிருந்த? சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும் போலிருக்கே. இதழ் ரெண்டு அடுக்கு. இதென்ன, ஒரு தண்டுகூடச் சாயல? போன தடவை பாத்ததெல்லாம் குடிகாரன் மாதிரி சாஞ்சு சாஞ்சு நின்னுதே.

— நாத்தம் போச்சுன்னா தண்டு தளர்ந்துடும். தண்டு நேரா நின்னா நாத்தம் திரும்பி வந்துடும். எட்டு வருஷமா இதே இழுபறிதான். இதுல ரெண்டும் ஒண்ணு சேர்ந்திருக்கு. ஜாடியில வச்சா பதினைஞ்சு நாள் வாடாது. விரிஞ்சு நாலு நாள்தான் ஆகுது. விரியறதுக்கு முன்னாடியே பையைக் கட்டிட்டேன். இன்னிக்கு உனக்காகத்தான் அவுத்தேன்.

— தண்ணி ஊத்த ஒரு அம்மா வருவாங்களே, அவங்களைக் கேட்டியா?

— அவங்க காலையில முதல்ல எருவைக் கிளறிட்டுத்தான் தண்ணி ஊத்தவே வருவாங்க. அவங்ககிட்ட எந்தப் பூவை நீட்டினாலும் ஆகா என்ன வாசனைன்னுதான் சொல்வாங்க. ஒரே மூக்கு, ஒரே அளவு. நடுவுல ஆளை மாத்தினா எல்லாக் கணக்கும் குழம்பிடும். அதனாலதானே டைவர்ஸுக்கு அப்புறமும் உன்னை விடாம வரவழைச்சேன்?

— அதனாலதானா?

— வேற எதுக்கு?

— சும்மா கேட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஊர்ல என் மூக்குக்கு இந்த மரியாதை இல்ல. கரண்ட் போய் வாரக்கணக்கா மூடிக் கெடந்த ஃபிரிட்ஜைக்கூட நான் திறந்து ரிப்பேர் பண்ணிட்டு, கையைக் கழுவிட்டுச் சாப்பிடப் போவேன். கூட இருக்கற பையன்கள் வாசலுக்கு ஓடிடுவானுங்க.

— அது உன் தொழில். பழகிப்போச்சு. இப்பவும் பாத்தேனே, அதே செடியை ரெண்டு தடவை குடுத்தேன், ரெண்டு தடவையும் பூனைன்னு சொன்ன. காகிதத்தைக் கண்டுபிடிச்ச. அது போதும் எனக்கு.

— அப்ப இதுதான் கடைசியா? அடுத்த வருஷம் வரவேண்டாம்?

— எதுக்கு வரணும்? மத்தியானம் இதைப் பெருக்கி விக்கப்போற கம்பெனியோட வேன் வருது. இந்தச் செடி போயிடும். அதோட என் வேலை முடிஞ்சுது, உன் வேலையும் முடிஞ்சுது.

— நல்லது. சந்தோஷம்தான்.

— எனக்கும் சந்தோஷம்தான். அதை எப்படிக் காட்டறதுன்னுதான் தெரியல. எட்டு வருஷமாச்சே, பழக்கம் விட்டுப்போச்சு.

— சிரிச்சுத் தொலை, முதலாளி.

— இன்னொரு சின்ன வேலை பாக்கி இருக்கு. அது முடியட்டும். கம்பெனில போன்ல ஒண்ணு கேட்டாங்க. ஒரு ஆள் மோந்து சொன்னா போதாது, தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொருத்தரும் மோந்து பாத்துச் சொல்லணுமாம். நாத்தமில்லாத டெய்சின்னு சொல்லித்தான் விக்கப் போறாங்க, அதனால.

— வேன் டிரைவரை மோந்து பாக்கச் சொல்லு.

— அவன் சிகரெட்டுக்குப் பொறந்தவன். பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் வர்றேன்னார், இன்னிக்குப் பாத்து ஜலதோஷம் பிடிச்சு உக்காந்திருக்கார். உன்கூட யாராவது வந்திருக்காங்களா?

— வண்டில டீச்சர் இருக்கா.

— உன் வீட்டம்மாவா? வெளிலயா உக்கார வச்சிருக்க? இந்த வெயில்ல?

— நான் எங்க உக்கார வச்சேன்? எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கேன், அவ உள்ள வர மாட்டா. இன்னிக்கு வண்டில வந்ததே பெருசு.

— அவங்க மூக்கு எப்படி?

— ரொம்ப ஷார்ப்பு. நான் தெருமுனையில வர்றப்பவே, மத்தியானம் எங்க சாப்பிட்டேன்னு சொல்லிடுவா. ஆனா முதலாளி, அவளை எதுக்கு இதுல…

— சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும். போய்க் கூட்டிட்டு வா. கெஞ்சிக் கேட்டதாச் சொல்லு.

— நீ கெஞ்சி நான் பாத்ததே இல்லையே.

— இப்பப் பாத்துக்கோ. போ.

— …டீச்சர், பாத்து வா. ஹோஸ் பைப் குறுக்க கிடக்கு. இவங்கதான் முதலாளி.

— வணக்கம்க்கா. தப்பா நினைக்காதீங்க, வெளியிலயே இருந்துட்டேன். உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு…

— தொந்தரவு என்ன இருக்கு? உக்காருங்க. ஸ்டூல்தான் இருக்கு. மூக்கு, நீ அந்த ட்ரேயெல்லாம் வெளிக் கேட்டுப் பக்கம் தூக்கிட்டுப் போய் வை. நீ இங்க நின்னா அவங்க உன் முகத்தைப் பாத்துத்தான் சொல்வாங்க.

— மூக்கா? இவரை அப்படியா கூப்பிடறீங்க?

— எட்டு வருஷமா அதான் பேரு. உங்ககிட்ட சொல்லலையா?

— இல்லக்கா. சொன்னதில்ல.

— நான் ட்ரேயைத் தூக்கறேன்ப்பா. ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசிக்காதீங்க.

— போடா. …டீச்சர், நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். ரெண்டு பூ குடுப்பேன். மோந்து பாத்து, நாறுதா இல்லையான்னு சொல்லணும். கண்ணைக் கட்டிக்கறீங்களா?

— வேண்டாம்க்கா, கண்ணைக் கட்டினா எனக்குத் தலை சுத்தும்.

— சரி விடுங்க. சோப்பு, சென்ட்டு ஏதாவது?

— ஒண்ணும் இல்லக்கா. எங்க வீட்டுலதான் ரெண்டு வாரமா எதுவுமே கிடையாதே.

— ஏன்?

— இந்தப் பூ சீசன் வந்துட்டா இவர் சோப்பு தொட மாட்டார். காபி குடிக்க மாட்டார். வெங்காயம் சேக்கக்கூடாது. தாளிக்கறப்ப எழுந்து வாசலுக்குப் போய் நின்னுக்குவார். கேட்டா, மூக்கைச் சுத்தமா வச்சுக்கணும், அவ பாவம், அவளுக்கு வாசனை தெரியாதும்பார். நாலு வருஷமாப் பாக்கறேன். எனக்காக இவர் ஒரே ஒரு நாள் காபியை விட்டதில்லக்கா.

— இதெல்லாம் பண்றான்னு எனக்குத் தெரியாது. காபி மட்டும்தான் வேண்டாம்னு சொல்லியிருந்தேன்.

— சொல்லாததையும் பண்ணுவார். உங்களுக்குன்னா பண்ணுவார்.

— கோபமா இருக்கா என் மேல?

— கோபம் இல்லக்கா. கஷ்டமா இருக்கு. ரெண்டும் வேற வேறதானே? நீங்க நல்லவங்கன்னுதான் தெரியுது. அதுவும் கஷ்டமாத்தான் இருக்கு. கெட்டவங்களா இருந்தா வீட்டுல உக்காந்து திட்டிக்கிட்டாவது இருக்கலாம்.

— நான் அவ்வளவு நல்லவ எல்லாம் இல்ல. அவனைக் கேளுங்க, பட்டியலே போடுவான். குழந்தைங்களுக்குப் பாடம் எடுக்கறீங்கன்னு சொன்னான்.

— ஆமாக்கா, சின்ன வகுப்பு. படம் வரையறது, பாட்டு, கதை. குட்டிகள் எதைக் கிறுக்கிட்டு வந்து நீட்டினாலும் ஆகா ரொம்ப நல்லாருக்கேன்னு சொல்லணும். அதான் பாதி வேலை.

— இங்க அப்படிச் சொல்லிடாதீங்க.

— சரிக்கா.

— இதை முதல்ல மோந்து பாருங்க. பழைய ரகம்.

— ச்சீ! ஐயோ… தப்பா நினைக்காதீங்கக்கா.

— எதுக்குத் தப்பா நினைக்கணும்? அது அப்படித்தான் நாறணும். உங்க மூக்கு நல்லா வேலை செய்யுது. சரி, முழங்கையை மோந்துக்கோங்க. மூக்கு பழைய நிலைமைக்கு வரும்.

— ம்… ஆச்சுக்கா.

— இப்ப இது.

— எவ்வளவு அழகா இருக்கு!

— அழகு எனக்கே தெரியும். மோந்து பாருங்க.

— …

— கசக்கியும் பாக்கலாம்.

— …

— என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?

— இல்லக்கா. அந்தப் பழசு இன்னும் மூக்குலயே இருக்கு. திரும்ப ஒரு தடவை பாக்கறேன்.

— மெதுவாப் பாருங்க. முழங்கையை மோந்துட்டுப் பாருங்க.

— அக்கா, இது சரியா இருக்குன்னா… இவர் இனிமே வரவேண்டியதில்லை, இல்லையா?

— வேண்டாம். இதோட முடிஞ்சுது.

— சரியில்லன்னா?

— சரியில்லன்னா வேனைத் திருப்பி அனுப்பிடுவேன். பழையபடி ஆரம்பத்துலேர்ந்து. இன்னும் ஏழெட்டு வருஷம் பிடிக்கும். அவ்வளவு தெம்பு எனக்கு இருக்கான்னு தெரியல, ஆனா நான் விடமாட்டேன். என் குணம் அப்படி. இவன் அதுவரைக்கும் வரணும்.

— ஏழெட்டு வருஷமா?

— ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான்க்கா. அந்த வேன்ல பூவோடவா அனுப்புவீங்க?

— இல்ல இல்ல. பூ, மொட்டு எல்லாத்தையும் கிள்ளி எறிஞ்சுட்டு வெறும் செடியாத்தான் அனுப்பணும். இல்லன்னா வழியில வாடிப்போயிடும். அங்க போய் நுனி நுனியாக் கிள்ளி நட்டு ஆயிரக்கணக்குல பெருக்குவாங்க. அடுத்த வருஷம் கடைக்குப் போகும். ஜனங்க வாங்கிட்டுப் போய் வீட்டுல வச்ச பிறகுதான் எல்லாம் விரியும்.

— அதுவரைக்கும் யாரும் பூவைப் பாக்க மாட்டாங்க?

— படத்துல பாப்பாங்க. டீச்சர், பயமா இருக்கு எனக்கு. சீக்கிரம் சொல்லிடுங்களேன். இவ்வளவு நாள் பொறுத்துட்டேன், இந்த ரெண்டு நிமிஷம்தான் தாங்கல. ஊர்ல அத்தனை பேரும் முகத்துக்கு நேரா நல்லாருக்குன்னு சொல்லி என்னை முட்டாளாக்கினாங்க. நாறினா நாறுதுன்னு சொல்லிடுங்க, உங்க கையில முத்தம் குடுத்துட்டுச் செடியைப் பிடுங்கிப் போட்டுடுவேன்.

— நாறலக்கா.

— நிஜமாவா?

— ஒண்ணுமே இல்லக்கா. இலை வாசம் மாதிரி லேசா ஏதோ. அவ்வளவுதான்.

— அதையேதான் அவனும் சொன்னான். இலை வாசம்னுதான் சொன்னான்! அவன் சொன்னதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே!

— ஆமாக்கா.

— உக்காருங்க, ஏன் எந்திரிச்சுட்டீங்க? இருங்க, நான் கொஞ்சம் கண்ணைத் துடைச்சுக்கறேன். மூக்கு! டேய் மூக்கு! இங்க வா!

— என்ன, என்ன ஆச்சு? யாரு அழறது? டீச்சர், என்ன சொன்ன இவங்ககிட்ட?

— நல்லதுதான் சொன்னாங்க. உன் சம்சாரம் சொல்லிட்டாங்க, ஒண்ணும் நாறலையாம். ரெண்டு மூக்கு ஆச்சு. எடு அந்தக் கத்திரியை, பூவை எல்லாம் கிள்ளிடலாம், வேன் வந்துடும்.

— பாத்தியா? நான் சொன்னேன்ல? சொல்லு டீச்சர், நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?

— இல்லங்க. நீங்க சொன்னதே இல்ல.

— மூக்கு, கிள்ளின பூவை இந்தப் பக்கெட்டுல போடு. சட்டைல வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்காத.

— கடைசி தடவைல்ல முதலாளி. இவ்வளவு வருஷம் இதுக்காகத்தானே உக்காந்தேன். கொஞ்ச நேரம் பிடிச்சிட்டு நிக்கறேனே.

— டீச்சர், உங்களுக்கு ஒரு கைப்பிடி கட்டித் தர்றேன், வீட்டுல ஜாடியில வைங்க. பதினைஞ்சு நாள் இருக்கும்.

— வேண்டாம்க்கா! வந்து… பக்கத்து வீட்டுக் குழந்தைங்க பிச்சுப் போட்டுடும். வேண்டாம்.

— அப்ப வேற ஒண்ணு பண்ணறேன். புது ரகத்துக்குப் பேரு என்ன வைக்கறதுன்னு கம்பெனில கேட்டுக்கிட்டே இருக்காங்க. என் பேர வைக்க எனக்குக் கூச்சம். இவன் பேர வச்சா "மூக்கு"ன்னு யாரு வாங்குவா? "டீச்சர்"னு வச்சுடறேன்.

— ஐயோ, என் பேரா? வேண்டாம்க்கா. நான் என்ன பண்ணினேன்?

— இந்தத் தோட்டத்துல இவனைத் தவிர என்கிட்ட உண்மை பேசின ஒரே ஆள் நீங்க. அதுவும் உங்க மனசுல இருந்த கஷ்டத்தோட. அது சின்ன விஷயமா?

— அக்கா, தயவுசெஞ்சு வேற பேர் வைங்க. வெள்ளைன்னு வைங்க, நிலான்னு வைங்க, எதையாவது வைங்க. என் பேர் மட்டும் வேண்டாம்.

— பாரு, எவ்வளவு அடக்கம். வச்சாச்சு, முடிஞ்சுது. அடுத்த வருஷம் கடைக் கடையா "டீச்சர் டெய்சி"ன்னு நிக்கும், பாருங்க.

— டீச்சர், சரின்னு சொல்லிடு. முதலாளி ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டா.

— கிளம்பலாமாங்க? எனக்குக் கொஞ்சம் தலை வலிக்குது.

— வெயில்ல உக்காந்திருந்தாங்கல்ல, அதான். கூட்டிட்டுப் போ மூக்கு. வேன் வந்தா நான் பாத்துக்கறேன். …டேய்.

— என்ன?

— தேங்க்ஸ். எப்பவும் சொன்னதில்ல. இப்பச் சொல்றேன்.

— சரி சரி. அழுது வடியாத. வர்றேன் முதலாளி… இல்ல, போறேன்.

— போய்ட்டு வாங்கன்னு சொல்ல முடியல பாரு. பாத்துப் போங்க. கேட்டை இழுத்துச் சாத்திட்டுப் போங்க, நாய் வந்துடும்!

— சாத்தியாச்சு! …ஏறு டீச்சர். ஏன் அங்கயே நிக்கற? இன்னுமா தலைவலி?

— முதல்ல நாலு ஜன்னலையும் இறக்குங்க. உங்க சட்டையெல்லாம் பூ நாத்தம்.

— பழைய ரகம் இருந்த ட்ரேயைத் தூக்கிட்டுப் போய்க் கேட்டுப் பக்கம் வச்சேன்ல, அது ஒட்டியிருக்கும்.

— பழசு பூனை நாத்தம், அது உங்களுக்கே தெரியும். இது அழுகின மீன் நாத்தம். அது உங்களுக்கு என்னிக்குமே தெரிஞ்சதில்ல.